நாலு பேருக்கு ஒரே மெயில்

திரும்பி வந்த மெயில், போன மெயிலைவிடச் சின்னதாக இருந்தது.

பிலோமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். இதென்ன கூத்து! ஒரு மெயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை என்றால் சர்வர் என்ன செய்யும்? 'முடியவில்லை, காரணம் இன்னது' என்று தன் பங்குக்குப் பத்து வரி இங்கிலீஷ் எழுதி, அதற்குக் கீழே நாம் அனுப்பியதையும் அப்படியே ஒட்டித் திருப்பி அனுப்பும். அதனால் திரும்பி வருகிற மெயில் எப்போதும் கொஞ்சம் பெருத்துத்தான் வரும். எட்டு வருஷமாக இதே நாற்காலியில் உட்கார்ந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு வந்தது இளைத்துப்போய் வந்திருந்தது.

ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். கப்பலுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி. முதலாளி வால்டர், டைப்பிஸ்ட் பிலோமி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஃபேக்ஸ் மெஷின். அவ்வளவுதான் சொத்து. ஜன்னலைச் சாத்தி வைத்தாலும் ஹார்பரிலிருந்து இரும்புத்தாதுப் புழுதி எப்படியோ உள்ளே வந்து, காலையில் துடைத்த மேஜை சாயங்காலத்துக்குள் செங்கல் நிறமாகிவிடும். 2003ஆம் வருஷம். ஐப்பசி மழை விட்டுவிட்டுக் கொட்டிக்கொண்டிருந்தது.

'டோரிஸ்' என்ற கப்பல் அந்தத் தாதுவைத்தான் ஏற்றிக்கொண்டு சீனாவுக்குப் புறப்பட்டுப் போயிருந்தது. ஏஜென்சி அனுப்பிய ஆட்கள் அதில் நாலு பேர். செல்வம், பரசுராமன், டில்லிபாபு, பிறகு பிலோமியின் புருஷன் வில்சன். நாலு வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஜனங்கள் ஆபீசுக்கு வந்து கவுன்ட்டர் பலகையில் கையை ஊன்றிக்கொண்டு சொல்வார்கள், பிலோமி டைப் செய்வாள். கப்பல் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது, ஆகவே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டும். சாட்டிலைட் வழியாகப் போகிற மெயிலுக்குச் செலவு அதிகம் என்பதால் நாலு கடிதத்தையும் ஒரே மெயிலில் போட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் பேர் எழுதி, நடுவில் நட்சத்திரக் கோடு இழுத்து அனுப்புவாள். அங்கே கேப்டன் அதைப் பிரின்ட் எடுத்துக் கத்தரியால் வெட்டி ஆளுக்கு ஒரு துண்டாகக் கொடுத்துவிடுவார்.

இரண்டு வாரமாகக் கப்பலிலிருந்து பதில் இல்லை. ஞாயிறு போன மெயில் வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது. முதல் வாரம் நாலு கடிதமும் அப்படியே வந்தன. இந்த வெள்ளி வந்ததை அவள் மேலிருந்து கீழ்வரை படித்தாள். பரசுராமன் இருந்தது. டில்லிபாபு இருந்தது. வில்சன் இருந்தது. செல்வத்தின் தங்கச்சி சொல்லச் சொல்ல அடித்த பதினாறு வரி இல்லை. பேரும் இல்லை, கீழே இழுத்த நட்சத்திரக் கோடும் இல்லை. கத்தரி வைத்து வெட்டி எடுத்த மாதிரி இருந்தது.

அவள் பயந்துவிடவில்லை. மெஷின் என்றால் ஆயிரம் கோளாறு இருக்கும். முகவரியை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். வேறு இரண்டு கப்பலுக்குச் சோதனை மெயில் போட்டாள், இரண்டுக்கும் அன்றைக்கே பதில் வந்தது. பிறகு இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டாள். அங்கே ஜாபர் என்று ஒருவர், எப்போது கூப்பிட்டாலும் அலுத்துக்கொள்ளாமல் பேசுகிறவர்.

"மேடம், அந்தக் கப்பலோட மெயில் பொட்டி கரையில ஒரு சர்வர்ல கீது. கப்பல்தான் வந்து கதவத் தொறந்து எடுத்துக்கணும். தொறக்கவே இல்ல. நம்ம சர்வரு கால் மணி, அரை மணி, நாலு மணின்னு அஞ்சு நாள் போயி தட்டிக்கினே இருக்கும். அப்பால வேலைக்கி ஆவாதுன்னு திருப்பிடும்."

"நடுவுல யாராவது மெயில தொறந்து ஒரு துண்டு வெட்டி எடுக்க முடியுமா ஜாபர்?"

"எங்க மேடம் வெட்டறது? மெயிலு எங்க ரூம வுட்டே போவல. இங்கருந்து திரும்பி உங்களாண்டதான் வந்துக்கீது."

போனை வைத்துவிட்டுப் பிலோமி அந்த மெயிலை மறுபடி மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

திங்கட்கிழமை காலையில் ஃபேக்ஸ் வந்தது. நிக்கோபார் பக்கத்துத் தீவு ஒன்றில் ஒரு உடல் ஒதுங்கியிருக்கிறது, லைஃப் ஜாக்கெட்டில் டோரிஸ் என்று எழுதியிருக்கிறது, சட்டைப்பையில் அடையாள அட்டை. செல்வம். வால்டர் அதை இரண்டு தரம் படித்தார், நாலாக மடித்தார், டிராயரில் போட்டுப் பூட்டினார். "கப்பல் கம்பெனி வாயத் தொறக்குற வரைக்கும் மூச்சு வுடாதம்மா. ஒரு கப்பல்ல ஒருத்தன் தவறி வியறது சகஜம். மெயில சரிபண்ற வழியப் பாரு. ஜனம் கேட்டுகினே கீது."

அவள் தலையாட்டினாள். வால்டர் சொன்னதற்குத் தலையாட்டியே பழகிய தலை அது. அந்தத் தலையாட்டல்தான் இன்றைக்கு அவளைத் தின்றுகொண்டிருந்தது.

கப்பல் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால், ஆள் பட்டியலில் ஒருத்தன் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டான். வில்சன் அப்போதுதான் ஒன்பது மாசக் கடல் முடித்து வந்திருந்தான். கிறிஸ்துமஸ் முடிகிற வரை கப்பல் ஏறமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தான். போதாததற்கு ஹார்பருக்குப் போய்த் தாது ஏற்றுவதைப் பார்த்துவிட்டு வந்து, "மழைல நனைஞ்சி சேறு கணக்கா கீது பிலோமி. உள்ள போயி ஒரு பக்கமா சரிஞ்சா கப்பலு கவுந்துடும். எவன் ஏறுவான் இதுல?" என்றான். மறுநாள் வால்டர், "ஒரு பேரு கொறையுதும்மா. வில்சன் பேர இப்ப போட்டு வை, அப்பறமா பாத்துக்கலாம்," என்றார். அவள் போட்டாள். அப்புறம் பார்க்கிற வழக்கம் கப்பல் தொழிலில் எங்கே இருக்கிறது? பேர் ஏறினால் ஆள் ஏற வேண்டியதுதான். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்று ஊரில் சொல்வார்களே, அதை அவள் தன் பத்து விரலால் செய்தாள்.

வில்சன் வால்டரைத்தான் திட்டினான். "என்னை ஒரு வார்த்த கேக்காம பேரப் போட்டுக்கிறான் பாரு, நாறப் பையன்!" பிலோமி வாயைத் திறக்கவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். கிளம்பும்போது அவன் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவனுக்கு அவள் எழுதியதெல்லாம் ஒரே வரி. 'நலம். நலமறிய ஆவல். உடம்பைப் பார்த்துக்கொள்.' கேப்டன் படிப்பாரே என்று ஒரு சாக்கு. உண்மையில், வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் அந்த ஒரு விஷயம் முந்திக்கொண்டு வந்து விரல் நுனியில் நின்றது.

மூன்றாம் வெள்ளி பரசுராமன் கடிதம் இல்லை. நாலாம் வெள்ளி டில்லிபாபுவின் கடிதம் இல்லை. வில்சனுக்கு எழுதிய ஒரு வரி மட்டும், தலையில் அவன் பேரோடு, வெள்ளைத் திரையின் நடுவில் ஒற்றையாகத் திரும்பி வந்திருந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையாக வந்தது, சந்தோஷத்தில். அவன் இன்னும் வாங்கவில்லை! கடிதம் போனது, செல்வம் போனான். வில்சன் கடிதம் போகவில்லை, ஆகவே வில்சன் எங்கேயோ இருக்கிறான். ஏதோ ஒரு மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டாவது இருக்கிறான். மெயிலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவள் வேலை. அந்த வேலை நடக்கவே கூடாது மாதாவே என்று அன்றைக்குக் கோயிலில் முட்டி போட்டாள்.

சனிக்கிழமை ஜாபர் உற்சாகமாகக் கூப்பிட்டார். "மேடம், வேற வழியா திருப்பி வுட்டுக்கீறோம். நாளைக்கி அனுப்பிப் பாருங்க. இந்தவாட்டி கண்டிப்பா போவும்."

"வேணாம்," என்றாள் பிலோமி. "இனிமே அனுப்பல."

ஞாயிறு மத்தியானம் மழை கொட்டியது. துபாயில் இருக்கிற கப்பல் கம்பெனியிடமிருந்து தகவல் வரலாம், உட்கார்ந்திரு என்று வால்டர் சொல்லியிருந்தார். கீழே கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டிருந்தன. அந்த அதிர்வில் ஜன்னல் கண்ணாடி மெல்லக் கிடுகிடுத்தது. டீசல் புகையும் ஈரச் சுவரும் காசிமேட்டுக் கருவாடும் கலந்த வாசம் அறையில் தங்கியிருந்தது. மணி இரண்டுதான், ஆனால் விளக்குப் போடாமல் கீபோர்டு தெரியவில்லை. பிலோமி பழைய மெயில்களை ஒவ்வொன்றாக அழித்தாள். வில்சன் பேர் இருந்த எல்லாவற்றையும் அழித்தாள்.

அப்போது கன்னியம்மா வந்தாள். பரசுராமன் பெண்சாதி. காலடிப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறாள், முந்தானை நுனியைப் பிழிந்துகொண்டே கவுன்ட்டரில் சாய்ந்தாள். போன ஞாயிறு அவள் வரவில்லை.

"இன்னாமே, தன்னந்தனியா குந்திகினு கீற?"

"சும்மாதான்க்கா. இன்னைக்கி மெயில் போகாது."

"எனக்கு எய்துறதுக்கு ஒண்ணுமில்லமே. அத்த சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்." கன்னியம்மா பலகையில் இருந்த செம்புழுதியை விரலால் இழுத்தாள். "இந்த வெள்ளிக்கியம இல்ல, அதுக்கு முந்தின வெள்ளிக்கியம. விடியக்கால்ல கதவாண்ட சத்தம். தொறந்தா நிக்கிறாரு. தொப்பலா நனைஞ்சிகினு. 'நீ எய்தனது கெச்சிதுமே. கொயந்தைக்கி மொட்டையப் போட்ரு, எனக்கோசரம் நிறுத்தி வெக்காத'ன்னாரு. போய்ட்டாரு."

மொட்டை விஷயத்தை டைப் செய்தவள் பிலோமி. 'நீ வந்து மடியில் உட்கார வைத்தால்தான் மொட்டை' என்று அடித்தது அவள் விரலுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"கனவுக்கா அது."

"நானும் அப்டிதான் நெனச்சேன். பொயுது வெளுத்துப் பாத்தா வாசப்படில செவப்பு சேறு. எங்க தெருவுல ஏதுமே செவப்பு மண்ணு?" அவள் குரலில் அழுகை இல்லை, அழுது முடித்த ஓய்ச்சல்தான் இருந்தது. "செல்வத்தோட தங்கச்சியாண்ட கேட்டேன். டில்லிபாபு அம்மாவாண்ட கேட்டேன். எல்லார் வூட்டாண்டயும் வந்து சொல்லிட்டுதான் போயிக்கிறாங்க. வில்சன் ஒன்னாண்ட வந்தாரா?"

"வில்சன் உசுரோட இருக்காரு!"

கன்னியம்மா விரலில் ஒட்டிய புழுதியைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நாலு பேரும் ஒண்ணாதான்மே போனாங்க. ஒரே கப்பலு. லெட்டர வாங்கிகினவங்க போய்ட்டாங்க. நீ இன்னா எய்தின அவருக்கு?"

பிலோமி திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

"மன்சுல கீறத எய்தி அனுப்புமே. எதையும் வாங்காம எப்டி போவாரு? பாவம்." அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் செருப்புச் சத்தம் படியில் தேய்ந்து, லாரிகளின் உறுமலுக்குள் மறைந்தது.

பைத்தியக்காரப் பேச்சு, என்றாள் பிலோமி சத்தமாக. ஆளில்லாத அறையில் தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. கம்பெனித் தகவல் வந்திருக்கிறதா என்று பார்க்க மோடத்தைப் போட்டாள். அது வழக்கம்போலக் கீச்சிட்டு, கரகரத்து, தொண்டையைச் செருமி, லைன் பிடித்தது. ஒரு மெயில் வந்து விழுந்தது.

கொண்டுசேர்க்க முடியவில்லை, என்றது அது. அனுப்பிய தேதி இன்றைய தேதி.

இன்றைக்கு அவள் எதையும் அனுப்பவில்லை.

கீழே இறக்கினாள். சர்வர் எழுதிய பத்து வரி. அதற்கும் கீழே, அனுப்பிய மெயிலின் நகல் இருக்க வேண்டிய இடத்தில், 'வில்சன்' என்ற பேர். பேருக்குக் கீழே வெறும் வெள்ளை. அழித்தாள். குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தாள். வேலையில் கவனம் செலுத்தப் பார்த்தாள், சும்மா கிடந்த கோப்புகளை அடுக்கினாள், ஃபேக்ஸ் காகிதத்தைச் சரிபார்த்தாள். கால் மணி கழித்து இன்னொன்று வந்தது. அதே பேர். அதே வெள்ளை.

அவள் எழுந்து போய்ச் சுவரிலிருந்து போன் வயரைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் சுண்ணாம்பு உதிர்ந்தது. வயரைக் கையில் சுற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்று கடிகாரத்தையே பார்த்தாள். பத்து நிமிஷம். இருபது. மழை குறைந்து, லாரிகள் ஒவ்வொன்றாக நகர்ந்து போய், தெரு அசாதாரணமாக அமைதியானது. கூட்ஸ் ரயில் பெட்டிகள் எங்கேயோ மோதிக்கொண்டன. அரை மணி ஆயிற்று.

மெயில் வந்தது.

வயர் மேஜைமேல் கிடந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

'வில்சன்'. அதற்குக் கீழே இந்த முறை ஒரு சின்னக் கோடு, எழுதுவதற்கு இடம் காட்டுகிற கோடு, துடித்துக்கொண்டிருந்தது. வந்த மெயிலில் எழுத முடியாது. எந்தக் கம்ப்யூட்டரிலும் முடியாது. கோடு துடித்தது.

கீழே தெருக்கதவு திறந்தது.

கன்னியம்மா குடையை மறந்திருப்பாள். இல்லை, குடையே கொண்டுவரவில்லை. படியில் கால் வைக்கிற சத்தம். ஒரு படிக்கு இரண்டு காலையும் சேர்த்து வைத்து, நின்று, அடுத்த படி. ரப்பர் பூட்சுக்குள் தண்ணீர் நிறைந்திருந்தால் வருகிற சத்தம். பிலோமிக்கு ஓட வேண்டும் என்று இருந்தது. இருப்பது ஒரே படிக்கட்டு. அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஏன் உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த இடம்தான் அவளுக்குப் பழக்கம்.

கப்பல் எண்ணெய் வாசம். ஈர இரும்பு வாசம். அதற்கடியில், ஒன்பது மாசத்துக்கு ஒருமுறை அவள் தலையணையில் வந்து படுக்கிற வாசம்.

கவுன்ட்டர் பலகை முனகியது. யாரோ கையை ஊன்றியிருக்கிறார்கள்.

அவள் திரும்பவில்லை.

பலகைக் கதவு திறந்து மூடியது. தண்ணீர் சொட்டியது. பக்கத்தில். இன்னும் பக்கத்தில். நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. மூச்சு இல்லை. மூச்சு இருந்தால் இவ்வளவு கிட்டத்தில் கேட்டிருக்கும்.

அவள் தோளுக்கு மேலாக ஒரு கை வந்து, கீபோர்டுக்குப் பக்கத்தில், உள்ளங்கை மேலே பார்க்கும்படி மேஜையில் அமர்ந்தது. நாள் முழுக்கத் துணி துவைத்த கை போல வெளுத்து, ஊறி, சுருங்கியிருந்தது. நகக்கண்ணில் செஞ்சேறு. சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. மீன் தின்ற மிச்சம்.

கை கேட்டது. வேறொன்றும் செய்யவில்லை. கொடு என்று நீட்டியபடி இருந்தது.

அவன் இருக்கிறான் என்று நினைத்தாளே. ஒரு மாசமாக இல்லை. நாலு பேரும் ஒரே நாளில் போயிருக்கிறார்கள். மூன்று பேர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இவனுக்குத்தான் வாங்க ஒன்றுமே இல்லாமல், அந்த ஒரு வரியை வாரா வாரம் திருப்பி அனுப்பிக்கொண்டு, அவ்வளவு தண்ணீருக்கு அடியில். அய்யோ, என் ராஜா.

அவள் டைப் செய்தாள். இங்கே மழை. கிறிஸ்துமஸ் ஸ்டார் பழசு கிழிந்துவிட்டது, புதுசு வாங்க வேண்டும். மாடிக் குழாய் ஒழுகுகிறது. நீ இல்லாமல் தூக்கம் இல்லை.

கை அப்படியே இருந்தது.

உன் நீலச் சட்டையைத் தோய்க்காமல் வைத்திருக்கிறேன். தினம் முகர்ந்து பார்க்கிறேன்.

கை அப்படியே இருந்தது. தண்ணீர் மேஜை விளிம்பிலிருந்து அவள் மடியில் சொட்டியது. ஐஸ் மாதிரி இருந்தது. எழுதி முடித்தால் வாங்கிக்கொள்வான். வாங்கிக்கொண்டால் போய்விடுவான். போய்விட்டால் பிறகு எங்கேயும் இருக்கமாட்டான். அவள் அழுதுகொண்டே அடித்தாள், நிறுத்தாமல் அடித்தாள், வாய்க்கு வந்ததை அடித்தாள். கை காத்திருந்தது. இது எதுவும் அவனுடையது இல்லை என்று அதற்குத் தெரிந்திருந்தது.

கடைசியில் அவள் எழுதினாள்.

வில்சன், லிஸ்டில் உன் பேரை வால்டர் போடவில்லை. நான்தான் டைப் பண்ணினேன். நீ வேண்டாம் என்று சொன்னது தெரிந்தே பண்ணினேன்.

சொட்டுவது நின்றது.

அவள் காத்திருந்தாள். திரையில் எழுத்து மறையும், கை போகும், காலையில் படியில் சேறு இருக்கும், கன்னியம்மா மாதிரி அழுது முடிப்பேன் என்று காத்திருந்தாள்.

எழுத்து மறையவில்லை. ஒரு மாசமாக மேலே பார்த்துக் காத்திருந்த அந்த உள்ளங்கை மெதுவாகத் திரும்பிக் கவிழ்ந்தது. மேஜைமேல் நகர்ந்து வந்தது. அவள் கைமேல் படுத்தது. முதலில் குளிர் மட்டும் இருந்தது. பிறகு கனம். ஒரு ஆளின் கனம் இல்லை, அதைவிட அதிகம், நனைந்த தாது சரிவது போல ஒரு பக்கமாக, மேலும் மேலும்.

அவள் ஆள்காட்டி விரலை அது பிடித்தது. ஒரு எழுத்தின்மேல் கொண்டுபோய் வைத்து அழுத்தியது.

அடுத்த எழுத்து.

அடுத்தது.

மாதாவே, வேணாம், வேணாம்யா வில்சன்.

அவசரமே இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக, கப்பல் லிஸ்டில் பேர் ஏற்றுவது போல, அவள் விரலை வைத்தே, திரையில் அவன் பேருக்குக் கீழே அவள் பேரை அவன் டைப் செய்தான்.